கம்பி ஒன்று, கம்பெனி பல

பிரிட்டனில் ஒரு குடும்பம் மின்சாரக் கம்பெனியை மாற்றும்போது வீட்டில் எதுவும் மாறுவதில்லை. தெருவில் பள்ளம் தோண்டுவதில்லை, மீட்டரைக் கழற்றுவதில்லை, விளக்கு ஒரு நொடிகூட அணைவதில்லை. மாறுவது பதிவேட்டில் ஒரே ஒரு வரிதான்: இந்த மீட்டருக்கு இனி பில் போடப்போவது யார் என்பது. இத்தனை எளிய வேலைதான் அந்நாட்டு மக்களைக் கால் நூற்றாண்டுக் காலம் அலைக்கழித்தது.

1948 ஏப்ரலில் மின்சாரமும் அடுத்த ஆண்டு எரிவாயுவும் அங்கே அரசுடைமை ஆயின. எந்த வட்டாரத்தில் குடியிருக்கிறோமோ அந்த வட்டார வாரியம்தான் மின்சாரம் தரும். தேர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. பிரதமர் மார்கரெட் தாட்சரின் அரசு வகுத்த திட்டப்படி, 1986 டிசம்பரில் எரிவாயு நிறுவனமான பிரிட்டிஷ் கேஸின் பங்குகளும், 1990 டிசம்பரில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 12 மின் விநியோக நிறுவனங்களும் விற்பனைக்கு வந்தன. உடைமையாளர் மாறினாரே தவிர, வீடுகளுக்கு அப்போதும் ஒரே கடைதான்.

போட்டி வந்தது அதற்குப் பிறகு. 1996 ஏப்ரலில் இங்கிலாந்தின் தென்மேற்கே கார்ன்வால், டெவன், சாமர்செட் பகுதிகளில் சுமார் ஐந்து லட்சம் வீடுகளுக்கு எரிவாயுக் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சோதனையாகக் கொடுத்தார்கள். 1998 மே மாதத்துக்குள் நாடு முழுவதும் அந்த உரிமை போய்ச் சேர்ந்தது. மின்சாரத்துக்கு 1998 ஏப்ரல் என்று நாள் குறித்திருந்தார்கள். கணினி அமைப்புகள் தயாராகாததால் செப்டம்பருக்குத் தள்ளிப்போய், 1999 மே மாதத்தில்தான் முடிந்தது.

பழைய நிறுவனங்களின் ஏடுகள் பில் வசூலிப்பதற்காக எழுதப்பட்டவை. இன்ன பெயர், இன்ன முகவரி, இவ்வளவு பாக்கி என்று இருந்தால் போதும். பல கம்பெனிகள் போட்டியிட வேண்டுமென்றால், யார் குடியிருந்தாலும் மாறாத ஓர் எண் ஒவ்வொரு இணைப்புக்கும் வேண்டும். மின்சாரத்துக்கு 13 இலக்க எண்ணும் எரிவாயுவுக்கு வேறோர் எண்ணும் கொடுத்தார்கள். எந்த எண் எந்தக் கதவுக்கு உரியது என்பதைப் பழைய ஏடுகளில் இருந்த முகவரிகளைக் கொண்டே பொருத்தினார்கள். வினை அங்கேதான் தொடங்கியது.

லண்டன் போன்ற நகரங்களில் பழைய பெரிய வீடுகளை நாலைந்து குடியிருப்புகளாகப் பிரித்திருப்பார்கள். மீட்டர்கள் எல்லாம் மாடிப்படிக்கு அடியில் வரிசையாக இருக்கும். தபால்காரருக்கு 'ஃபிளாட் 1' ஆக இருப்பது மின் பதிவேட்டில் 'தரைத்தளம்' என்று இருக்கும். மேல்மாடிக்காரர் கம்பெனியை மாற்ற விண்ணப்பித்தால், கீழ்வீட்டுக்காரரின் மீட்டர் மாறிவிடும். எதையுமே கேட்காத மனிதருக்கு ஒரு நாள், 'எங்களை விட்டுப் போகிறீர்கள், வருந்துகிறோம்' என்று பழைய கம்பெனியிலிருந்து கடிதம் வரும். சில நாளில் பெயர்கூடக் கேள்விப்படாத புதுக் கம்பெனியின் பில் வந்து நிற்கும். 'தவறான மாற்றம்' என்று இதற்கு அத்துறையில் தனிப்பெயரே உண்டு. சரிசெய்ய வேண்டுமானால் இரண்டு கம்பெனிகளும் ஒப்புக்கொண்டு பதிவேட்டின் அந்த வரியைத் திருப்ப வேண்டும். அதுவரை அந்தக் குடும்பத்துக்கு இரண்டு பில்.

எண் சரியாக இருந்தாலும் ரீடிங் சிக்கல் உண்டு. மாறும் நாளில் எடுக்கும் ஒரே ரீடிங்கில் பழைய கணக்கு முடிந்து புதுக் கணக்கு தொடங்க வேண்டும். இரு கம்பெனிகளின் ஏட்டிலும் அது வேறு வேறாக ஏறினால், அதே யூனிட்டுக்கு இருமுறை பணம் கட்ட நேரும். எரிவாயுவில் இன்னொரு கண்ணி: பழைய மீட்டர்கள் நூறு கன அடியாகக் கணக்கிடுபவை, புதியவை கன மீட்டராகக் கணக்கிடுபவை. நூறு கன அடி என்பது 2.83 கன மீட்டர். புதுக் கம்பெனி மீட்டரின் வகையைத் தவறாகப் பதிந்துவிட்டால், பில் ஏறக்குறைய மூன்று மடங்காகும்; அல்லது மூன்றில் ஒன்றாகக் குறைந்து, பின்னாளில் பாக்கியாக வந்து விழும்.

தவறால் நடந்தவை இவை. தெரிந்தே செய்தவையும் உண்டு. கமிஷனுக்கு அலைந்த விற்பனை ஆட்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். முறைகேடான விற்பனைக்காக 2002இல் லண்டன் எலெக்ட்ரிசிட்டிக்கு ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் 20 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. 2011 முதல் பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக வாசல் விற்பனையைக் கைவிட்டன. அதற்குள் நம்பிக்கை கெட்டிருந்தது. முறைகேடான விற்பனைக்காகவே 2013இல் எஸ்.எஸ்.இ. என்ற நிறுவனத்துக்கு விதித்த அபராதம் ஒரு கோடியே ஐந்து லட்சம் பவுண்டு.

இந்த வரலாற்றில் மன்னிக்கவே முடியாத பகுதி ஏழைகளின் கதை. பில் கட்டத் தவறியவர்களின் வீடுகளில் முன்பணம் போட்டால் மட்டும் ஓடும் மீட்டரைப் பொருத்துவார்கள். கடனுள்ள வாடிக்கையாளர் வேறிடம் போவதைத் தடுக்கப் பழைய கம்பெனிக்கு உரிமை இருந்தது. முன்பண மீட்டர்காரர் எவ்வளவு கடனோடு மாறலாம் என்ற வரம்பு 2012இல்தான் 200 பவுண்டிலிருந்து 500 ஆனது. மலிவான கட்டணம் யாருக்கு மிகவும் தேவையோ, அவர்களுக்கே வாசல் அடைக்கப்பட்டிருந்தது.

2016இல் பிரிட்டனின் போட்டி, சந்தை ஆணையம் தன் விசாரணையை முடித்தபோது, ஆறு பெரிய கம்பெனிகளின் வாடிக்கையாளர்களில் சுமார் 70 சதவீதம் பேர் விலை கூடிய சாதாரணக் கட்டணத்திலேயே இருந்தார்கள். மக்கள் ஆண்டுக்குச் சராசரியாக 140 கோடி பவுண்டு கூடுதலாகக் கட்டியதாக ஆணையம் கணக்கிட்டது. மக்களின் அசட்டையே இதற்குக் காரணம் என்று பலர் சொன்னார்கள். அது நியாயமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பில்லோடு மாதக்கணக்கில் அல்லாடுவதைப் பார்த்தவர், இருக்கும் இடத்திலேயே இருந்துவிடுவதுதான் இயல்பு. அந்தச் சாதாரணக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 2019 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

ரீடிங் தகராறு தீரும் என்று கொண்டுவந்த ஸ்மார்ட் மீட்டரும் முதலில் கைவிட்டது. முதல் தலைமுறை மீட்டர்கள் பல, கம்பெனி மாறியதும் தகவல் அனுப்புவதை நிறுத்திக்கொண்டன. பழையபடி குனிந்து எண்ணைப் படித்து எழுத வேண்டியதாயிற்று.

அடுத்த அடி சந்தையிலிருந்தே வந்தது. குறைந்த முதலீட்டில் சிறு கம்பெனிகள் ஏராளமாக முளைத்திருந்தன. வாடிக்கையாளர்கள் மாதந்தோறும் முன்கூட்டிக் கட்டிய பணத்தைச் சில கம்பெனிகள் முதலாகவே பயன்படுத்தின. 2021இல் எரிவாயு விலை எகிறியதும் ஏறத்தாழ முப்பது நிறுவனங்கள் ஓராண்டுக்குள் கவிழ்ந்தன. 'பல்ப்' என்ற ஒரு நிறுவனத்தில் மட்டும் 15 லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள். பல்பைச் சேர்க்காமலே 270 கோடி பவுண்டு, அதாவது வீட்டுக்குச் சுமார் 94 பவுண்டு, எல்லோருடைய பில்லிலும் ஏறும் என்று தேசியத் தணிக்கை அலுவலகம் கணித்தது. ஒரு முறைகூட மாறாதவர்களும் அதைக் கட்டினார்கள். ஐந்து வேலை நாளில் கம்பெனி மாற்றித் தரும் மத்தியப் பதிவு முறை 2022 ஜூலையில் தொடங்கியபோது, மாறுவதற்கு மலிவான கட்டணமே சந்தையில் இல்லை.

ஒரே கம்பியில் பல கம்பெனி என்ற ஏற்பாட்டுக்கு இந்தியாவிலும் முன்மாதிரி உண்டு. மும்பைப் புறநகரில் 2009 முதல் ரிலையன்ஸின் கம்பி வழியாகவே டாடா பவரின் மின்சாரத்தை வாங்க முடிந்தது. ஒரே பகுதியில் பல நிறுவனங்கள் ஒரே கம்பியில் மின்சாரம் விற்க வழிசெய்யும் மசோதா 2022 ஆகஸ்டில் மக்களவைக்கு வந்து, எதிர்ப்புக்கிடையே நிலைக்குழுவுக்குப் போனது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டில் மின் இணைப்புகளோடு ஆதாரை இணைக்கச் சிறப்பு முகாம்கள் தொடங்கின. பதிவேட்டுக் குழப்பம் நமக்கும் புதிதல்ல: காலமான தாத்தாவின் பெயரிலும், வீட்டை விற்றுப்போனவரின் பெயரிலும் இணைப்பு இருக்கும் வீடுகள் நம் ஊரில் எத்தனையோ. பல நிறுவனங்களுக்கு வழிவிடும் அந்த மசோதா மறுபடி வருமானால், கட்டணம் எவ்வளவு குறையும் என்று கேட்பதற்கு முன் மூன்று கேள்விகளை நாம் கேட்க வேண்டும். பதிவேட்டைத் திருத்தும் பொறுப்பு யாருக்கு? பாக்கி வைத்திருப்பவருக்கு வாசல் திறந்திருக்குமா? ஒரு கம்பெனி கவிழ்ந்தால் அந்தப் பணத்தை யார் கட்டுவது?