மின்மினிப் பூச்சியும் காந்த மணியும்

1940-களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துப் பசங்களுக்கு ஒரு நல்ல கைச்செலவு வருமானம் இருந்துச்சு. மின்மினிப் பூச்சி பிடிச்சு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல கொடுத்தா நூறு பூச்சிக்கு 25 சென்ட். வாங்கினவர் வில்லியம் மெக்எல்ராய் என்கிற உயிர்வேதியியல்காரர். பூச்சி எப்படி ஒளிருதுன்னு அவருக்குத் தெரிஞ்சாகணும். (பூச்சியைக் கேட்டா சொல்லவா போகுது!) 1947-ல விடை கிடைச்சது. லூசிஃபெரின், லூசிஃபெரேஸ், ஆக்சிஜன் எல்லாம் இருந்தாலும் ஏடிபி இல்லாம வெளிச்சம் வராது. ஏடிபின்னா உயிருள்ள ஒவ்வொரு செல்லும் தினப்படி செலவுக்கு வச்சிருக்கிற சில்லறைக் காசு மாதிரி.

இதை அப்படியே திருப்பிப் போட்டவர் நாசாவில் இருந்த எம்மெட் சாப்பெல். வெளிச்சம் வந்தா ஏடிபி இருக்கு, ஏடிபி இருந்தா உயிர் இருக்கு. வேற்றுக் கிரகத்துல உயிர் தேடக் கிளம்பிய யோசனை, கடைசியில தண்ணியிலயும் சாப்பாட்டிலயும் பாக்டீரியா எண்ண உதவிச்சு. இன்னைக்கு உணவுத் தொழிற்சாலைகள்ல மேசையைப் பஞ்சுக்குச்சியால தேய்ச்சு, கருவிக்குள்ள விட்டா சில நொடியில எண் வந்துடும்.

ஆனா இந்த வெளிச்சத்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. தயிர்ல இருக்கிற நல்ல பாக்டீரியாவும் ஒளிரும், ஆளைக் கொல்றதும் ஒளிரும். இறைச்சியோட சொந்த ஏடிபி வேற குறுக்கே நிக்கும்.

அடையாளம் சொல்ற ஆள் வந்தது நார்வேயில இருந்து. 1970-களில் ட்ரோன்ட்ஹைம் நகரத்துல யோன் உகல்ஸ்டாட் என்கிற வேதியியலாளர், சில மைக்ரோமீட்டர் அளவுல, அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவான பாலிஸ்டைரீன் மணிகளைச் செஞ்சார். அமெரிக்காக்காரங்க இதே மாதிரி மணிக்கு எடையற்ற நிலை வேணும்னு விண்வெளி ஓடத்துல ஏத்தி அனுப்பினாங்க. நம்மாளு தரையிலேயே முடிச்சுட்டார் :-) மணிக்குள்ள இரும்பு ஆக்சைடை ஏத்தினதும் இன்னொரு வசதி வந்தது. பக்கத்துல காந்தம் வச்சா ஓடி வந்து ஒட்டும், எடுத்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காம மறுபடி கலைஞ்சு மிதக்கும். மேலே ஆன்டிபாடி பூசினா வேண்டிய செல்லை மட்டும் பிடிக்கும். 1980-களில் லண்டன்ல புற்றுநோய் வந்த குழந்தைகளோட எலும்பு மஜ்ஜையில இருந்து கெட்ட செல்லைப் பிரிக்க இதைத்தான் பயன்படுத்தினாங்க. உணவுக்கு வந்தது அப்புறம்தான்.

அந்தத் தேவையை எல்லாரும் உணர்ந்தது 1993-ல. ஜாக் இன் த பாக்ஸ் கடைகள்ல சரியா வேகாத ஹாம்பர்கர் சாப்பிட்டு, வாஷிங்டன் மாநிலத்திலயும் சுத்துப்பட்டிலயும் 700 பேருக்கு மேல நோயில விழுந்தாங்க. நாலு குழந்தைங்க செத்துப் போச்சு. காரணம் ஈ.கோலை ஓ157:எச்7. சிறுநீரகத்தையே முடக்கிடும். நூறுக்கும் குறைவான செல் உள்ளே போனாலே போதும். 1994-ல அமெரிக்க வேளாண் துறை, அரைச்ச மாட்டிறைச்சியில இது இருக்கவே கூடாதுன்னு சொல்லிடுச்சு. சொல்றது சுலபம். லட்சக்கணக்கான சாதுவான பாக்டீரியாவுக்கு நடுவுல ஒண்ணு ரெண்டைத் தேடணுமே! அகர் தட்டுல வளர்த்து உறுதிப்படுத்த நாள் கணக்காகும். அதுக்குள்ள கறி வயித்துக்குள்ள.

அங்கதான் காந்த மணி கைகொடுத்தது. அந்தத் துறையோட ஆய்வக முறையிலேயே இடம் பிடிச்சது. மணியால ஓ157-ஐ மட்டும் இழுத்து, மத்ததைக் கழுவிட்டு, செல்லை உடைச்சு லூசிஃபெரேஸ் ஊத்தினா, இப்ப வர்ற வெளிச்சம் ஏறக்குறைய அதோடது மட்டும்தான். ரெண்டையும் சேர்த்து ஆய்வாளர்கள் இப்படிச் செஞ்சு பார்த்திருக்காங்க. (ஒரு வேடிக்கை. 1985-ல மின்மினியோட லூசிஃபெரேஸ் மரபணுவைப் பிரிச்சு எடுத்து எதுக்குள்ள வச்சு வேலை செய்ய வச்சாங்க தெரியுமா? சாதுவான ஈ.கோலைக்குள்ளதான்.)

பேர் என்னவோ வெளிச்சம் காட்டுற கருவிக்குத்தான் போகுது. என்னைக் கேட்டா பாதிக்கு மேல பெருமை மணிக்குத்தான். அதுக்கும் தொல்லை உண்டு. கொழுப்பு அதிகமான கறியில மணி சிக்கிக்கும், வேண்டாத பாக்டீரியாவும் கொஞ்சம் தொத்திக்கும்.

"ஒரு மணி நேரத்தில் முடிவு"ன்னு விளம்பரம் பார்த்தா, எதுல இருந்து ஒரு மணி நேரம்னு கேளுங்க. வெளிச்சம் தெரிய ஆயிரக்கணக்குல செல் வேணும். கறியில இருக்கிறதோ ஒண்ணு ரெண்டு. முதல்ல சத்துக் கரைசல்ல போட்டு வளர்க்கணும். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெட்டிச்சாலும், ஒரு செல் 4,096 ஆக நாலு மணி நேரம். குளிர்பெட்டியில விறைச்சுக் கிடந்தது சோம்பல் முறிச்சு எழ இன்னும் கொஞ்சம். காந்தமும் மின்மினியும் எவ்வளவு அவசரப்பட்டாலும் அது வளர்ற வேகத்துக்குத்தான் வளரும்.