ராஜாவுக்கு ஷாம்பு போட்டவர்

முடி கொட்டுகிறதே என்று கடைக்குப் போகிறீர்கள். அலமாரி முழுக்க பாட்டில்கள். வெங்காயம் போட்டது, பாதாம் போட்டது, மூலிகை போட்டது... எதை எடுப்பது? குழம்பி நிற்கும் நேரத்தில், பாட்னாக்காரர் ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

பெயர் ஷேக் தீன் முகமது. 1759-ல் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் இருந்துவிட்டு, 1784-ல் அயர்லாந்து போய்ச் சேர்ந்தார். அங்கேயே ஓர் ஐரிஷ் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். 1810-ல் லண்டனில் ஒரு காபி ஹவுஸ் திறந்தார். பெயர்தான் காபி, விசேஷமெல்லாம் நம்மூர்க் கறிவகைகளும் ஹூக்காவும். இரண்டே வருடத்தில் திவால்! மனிதர் அசரவில்லை. 1814-ல் பிரைட்டன் கடற்கரைக்குக் குடும்பத்தோடு பெட்டியைக் கட்டினார்.

அங்கே அவர் ஆரம்பித்தது மூலிகை ஆவிக் குளியல். ஃபிளானல் துணிக் கூடாரத்துக்குள் உங்களை உட்கார வைப்பார்கள். வெளியிலிருந்து கையை மட்டும் உள்ளே விட்டு உடம்பைப் பிடித்துவிடுவார்கள். இதற்குப் பெயர் 'ஷாம்பூயிங்'! 'அமுக்கு, பிசை' என்று அர்த்தம் தரும் இந்திச் சொல்லிலிருந்து வந்தது. தலைமுடிக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது.

வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. வாதம், மூட்டுவலி என்று வந்தவர்கள் குணமாகி விட்டுப்போன ஊன்றுகோல்களைச் சுவரில் மாட்டி வைத்தார். இதைவிட நல்ல விளம்பரம் உண்டா, சொல்லுங்கள்! 1822-ல் தன் வைத்தியத்தின் பெருமையைச் சொல்லிப் புத்தகமே போட்டார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்று இரண்டு ராஜாக்களுக்கு 'ஷாம்பூயிங் சர்ஜன்' ஆனார்.

அவர் 1851-ல் இறந்தார். பிறகு அந்தச் சொல் மெல்ல உடம்பிலிருந்து தலைக்கு ஏறியது. 1903-ல் பெர்லினில் ஹான்ஸ் ஷ்வார்ஸ்காஃப் ஷாம்புத் தூளைப் பொட்டலம் போட்டு விற்றார். 1930-களில் அமெரிக்காவில் சோப்பு இல்லாத ஷாம்பு வந்தது. நம் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணனோ, பணக்காரர்கள் வாங்குவதைக் கூலித் தொழிலாளியும் வாங்க வேண்டும் என்று சாஷேயைப் பிடித்துக்கொண்டார். 'வெல்வெட்' ஷாம்பு அப்படி வந்ததுதான். அவர் மகன் ரங்கநாதன் 1983-ல் பதினைந்தாயிரம் ரூபாயோடு தனியே கிளம்பி 'சிக்' ஷாம்புவைக் கொண்டுவந்தார். சீயக்காய்த் தூள் மெதுவாகப் பின்வாங்கியது.

சரி, உங்கள் முடிக்கு வருவோம். ஷாம்புவின் வேலை அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பிடித்துத் தண்ணீரோடு அனுப்புவது. முடியின் வேரோ தோலுக்கு அடியில் இருக்கிறது. இரண்டு நிமிஷத்தில் சாக்கடைக்குப் போகும் நுரை, அங்கே போய் என்ன செய்துவிட முடியும்? கம்பெனிகளுக்கும் இது தெரியும். அதனால்தான் 'ஹேர் ஃபால்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, 'முடி உடைவதால் ஏற்படும் உதிர்வு' என்று எறும்பு எழுத்தில் சேர்த்துவிடுகிறார்கள். ஊன்றுகோலை மாட்டிய முகமது இவர்களைவிட எவ்வளவோ நேர்மையானவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கைகால் வலிக்குப் பிடித்துவிட்டால் இதமாகவாவது இருக்கும்!

தினமும் ஐம்பது முதல் நூறு முடி விழுவது சகஜம். கடும் ஜுரமோ பிரசவமோ கடந்து இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டினால், பெரும்பாலும் தானாகவே நிற்கும். அந்த நேரத்தில் எந்த ஷாம்பு கையில் இருக்கிறதோ, அதற்குப் புகழ் போய்விடும். தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு என்றால் ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். பொடுகு தொல்லை என்றால் மட்டும் கீட்டோகொனசோல் கலந்த ஷாம்பு உதவும்.

பரம்பரை வழுக்கைக்கு நிஜமான மருந்து ஒன்று வந்தது. அதுவும் தற்செயல்! மினாக்ஸிடில் என்பது ரத்தக்கொதிப்புக்கான மாத்திரை. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி முளைத்தது. தலையில் தடவும் திரவமாக அமெரிக்கா அதை 1988-ல் அனுமதித்தது. தடவினால் அப்படியே விட வேண்டும், மாதக்கணக்கில். நிறுத்தினால் வளர்ந்ததும் போய்விடும். டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

ஷாம்பு? தலை பிசுபிசுக்கிறதா, வறள்கிறதா என்று பார்த்து, விலை குறைந்ததாக ஒன்றை எடுங்கள்.