தாய்வீடும் ஒரு முகவரிதான்

தேனியிலிருந்து கம்பம், குமுளி போகும் பேருந்துகள் எங்கள் பழனிசெட்டிபட்டி வழியாகத்தான் போகின்றன. புருஷன் வீட்டில் இருக்க முடியாமல் தாய்வீடு திரும்பும் பெண்களும் அவற்றில்தான் வந்திறங்குகிறார்கள். கையில் பை, இடுப்பில் குழந்தை. ஊர் கேட்கும் முதல் கேள்வி, "எப்பத் தாயி திரும்பிப் போற?" வந்த இடம் அவளுடையதில்லை என்பதுதான் அதன் பொருள். சட்டமும் நெடுங்காலம் அதையே சொன்னது.

1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆம் பிரிவு மனைவிக்கு ஜீவனாம்சம் தந்தது. ஆனால் கணவன் இருக்கும் ஊரிலோ, அவளோடு அவன் கடைசியாக வசித்த ஊரிலோதான் வழக்குப் போட முடியும். கணவன் ஆப்பிரிக்காவில் வேலை பார்த்தால்? விடுப்பில் வந்தவன் மனைவியோடு தங்கிய ஊரையும் 'வசித்த இடமாக' ஏற்கலாம் என்று ஜாகிர் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1963இல் விளக்க வேண்டியிருந்தது. அவன் தங்கியதைத்தான் அளந்தார்கள். அவள் இருக்கும் இடம் கணக்கில் இல்லை.

1973இன் புதிய சட்டம் மனைவி வசிக்கும் ஊரையும் சேர்த்தது. ஜீவனாம்ச வழக்குக்குத் தாய்வீடு முகவரியானது.

விவாகரத்துக்கு இன்னும் முப்பது ஆண்டு ஆனது. 1955இன் இந்து திருமணச் சட்டம் திருமணம் நடந்த ஊர், எதிர்மனுதாரர் வசிக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் என்றே அடுக்கியது. 2003இன் திருத்தம்தான் அதிலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் மனுப்போடும் மனைவியின் ஊரைச் சேர்த்தது. 2005இன் குடும்ப வன்முறைச் சட்டம் அவள் தற்காலிகமாகத் தங்கும் இடமே போதும் என்றது. அடைக்கலம் தேடிப்போன ஊரிலேயே 498ஏ புகார் கொடுக்கலாம் என்று ரூபாலி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது.

ஒன்று மட்டும் தீரவில்லை. சேர்ந்து வாழ்ந்த தன் ஊரில் கணவன் முந்திக்கொண்டு விவாகரத்து மனுப் போட்டுவிட்டால், அவள்தான் அலைய வேண்டும். வேறு மாவட்டம் என்றால், வழக்கை மாற்றக் கேட்டு உயர் நீதிமன்றம் போக வேண்டும். 2004இல் மதுரைக் கிளை திறக்கும்வரை எங்களுக்கு அது சென்னை. குமுளிக்கு அந்தப் பக்கம் கேரள நீதிமன்றம் என்றால் இன்றும் டெல்லி. மாநிலம் விட்டு மாநிலம் வழக்கை மாற்றும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கே உண்டு. ஏலத்தோட்டக் கூலிக்கு நம் பெண்கள் விடியலில் ஜீப்பேறிப் போய் அந்தியில் திரும்பும் தூரம்தான் அது.

ஒவ்வொரு வாய்தாவும் ஒருநாள் கூலி, பேருந்துக் காசு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். போக முடியாதவளுக்கு எதிராக ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். அவள் பக்கம் நியாயம் இருந்ததா என்று யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

ஆகவே, பேருந்திலிருந்து இறங்குகிறவளிடம் எப்போது திரும்பிப் போவாய் என்று கேட்பதை விடுவோம். அவளுக்குச் சொல்ல வேண்டியது வேறு: "தேனியிலயே கேஸ் போடலாம் தாயி. அவன் முந்துறதுக்குள்ள போடு."