சளி மருந்து கல்லீரலைக் காத்த கதை

காய்ச்சலோ தலைவலியோ வந்தால் நாம் முதலில் தேடுகிற பாரசிட்டமால், பிரிட்டனில் 1956-இல் கடைக்கு வந்தது. ஆஸ்பிரினைப் போல வயிற்றைப் புண்ணாக்காத சாது என்று பெயர் வாங்கியது. பத்தே ஆண்டில் அந்தப் பெயருக்குக் களங்கம் வந்தது. அளவுக்கு மீறி விழுங்கியவர்களின் கல்லீரல் செத்துப்போவதை 1966-இல் எடின்பரோ மருத்துவர்கள் டேவிட்சனும் ஈஸ்தமும் எழுதினார்கள்.

இந்த விஷம் சூதானது. முதல் நாள் கொஞ்சம் குமட்டல், வாந்தி, அதுவும் அடங்கிவிடும். சிலருக்கு அதுகூட இராது. தப்பித்தோம் என்று நினைக்கையில், இரண்டு மூன்று நாளில் கண் மஞ்சளாகும்.

காரணம் 1973-இல் அமெரிக்காவில், சுண்டெலிகளை வைத்து நடந்த ஆய்வில் பிடிபட்டது. உள்ளே போகிற பாரசிட்டமாலில் ஒரு சிறு பங்கைக் கல்லீரலே நச்சாக மாற்றுகிறது. அதை அவ்வப்போது கட்டிப்போட அங்கேயே குளூட்டாதயோன் என்ற பொருள் இருக்கிறது. மாத்திரை மிஞ்சினால் குளூட்டாதயோன் தீர்ந்துபோகும். அடக்க ஆளில்லாத நச்சு கல்லீரல் செல்களையே கொல்லும். ஆக, நச்சோடு மல்லுக்கட்ட வேண்டாம், தீர்ந்த கையிருப்பை நிரப்பினால் போதும். குளூட்டாதயோனையே ஏற்றிவிடலாமே என்றால், அது செல்லுக்குள் எளிதில் நுழையாது.

கையிருப்பை வேறு வழியில் நிரப்ப, எடின்பரோவில் மருத்துவர் லாரி பிரெஸ்காட் 1974-இல் சிஸ்டியமின் என்ற மருந்தைக் கையாண்டார். கல்லீரல் பிழைத்தது; ஆனால் வாந்தியும் குமட்டலும் நோயாளியைப் படுத்தி எடுத்தன. அடுத்து அவர் எடுத்தது அசிட்டைல்சிஸ்டீன். நெஞ்சில் கட்டிய சளியை இளக்க 1960-களிலிருந்தே மருத்துவமனைகளில் இருந்த பழைய சரக்கு! உடலுக்குள் அது சிஸ்டீனாகிறது. அதைக் கொண்டு கல்லீரல் தனக்கு வேண்டிய குளூட்டாதயோனைத் தானே செய்துகொள்கிறது. 1979-இல் பிரெஸ்காட் 100 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். மாத்திரை விழுங்கி எட்டு மணி நேரத்துக்குள் இந்த மருந்தை நரம்பில் ஏற்றியவர்களுக்குக் கல்லீரல் ஏறக்குறைய முழுதும் தப்பியது. நேரம் கடக்கக் கடக்கப் பலன் குறைந்தது. மருத்துவர்கள் மஞ்சள் தெரியட்டும் என்று காத்திராமல், இரத்தத்தில் பாரசிட்டமால் எவ்வளவு என்று பார்த்தே மருந்தைத் தொடங்குவது இதனால்தான்.

அமெரிக்காவில் அசிட்டைல்சிஸ்டீனை வாய்வழியாகக் கொடுத்தார்கள். கந்தகம் கலந்த பொருளாதலால் அழுகிய முட்டை நாற்றம். கோலாவிலோ பழச்சாற்றிலோ கலந்து புகட்டினார்கள். ஏற்கெனவே வாந்தியெடுப்பவருக்கு இது கொடுமைதான். நரம்பில் ஏற்றும் வகைக்கு அங்கே அனுமதி கிடைத்தபோது 2004 ஆகிவிட்டது. பிரெஸ்காட்டின் கணக்கு வெளிவந்து 25 ஆண்டுகள்.