பத்துன்னா பதினெட்டு!

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுல 'பிக் டென்', அதாவது 'பெரிய பத்து'னு ஒரு கூட்டமைப்பு இருக்கு. 1896-ல் ஏழு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஆரம்பிச்சது. 1917-ல் மிச்சிகன் திரும்பி வந்ததும் பத்தாச்சு. பத்திரிகைகளும் ரசிகர்களும் புழங்கிப் புழங்கி நிலைச்ச பேர் இது. 1987-லதான் அதிகாரப்பூர்வ பேராவே ஆச்சு!

1990-ல் பென் ஸ்டேட் சேர்ந்து பதினொண்ணு ஆனப்பவும் பேர் மாறலை. சின்னத்துல எழுத்துகளுக்கு நடுவே 11-ஐ ஒளிச்சு வச்சாங்க.

2010 டிசம்பர்ல, நெப்ராஸ்கா பன்னிரண்டாவதா வரப்போற நேரம், புதுச் சின்னம் வெளியிட்டாங்க. கூடவே அமெரிக்கக் கால்பந்துக்கு ரெண்டு பிரிவு: 'லெஜண்ட்ஸ்', 'லீடர்ஸ்'. ரசிகர்கள் கிண்டலடிச்சுத் தள்ளிட்டாங்க. பின்னே? பேரை வச்சு எந்த அணி எங்கேன்னு சொல்லவே முடியாது. கேட்கவும் ஒரே பீத்தல்! ஆணையர் ஜிம் டெலானி, மறுபடி யோசிக்கிறோம்னு சொல்ற அளவுக்குப் போச்சு. அப்பவும் மாத்தலை. அணிகள் பதினாலு ஆன 2014-லதான் சாதாரணமா 'கிழக்கு', 'மேற்கு'னு வச்சாங்க.

2024-ல் பதினெட்டு அணிகள். பிரிவுகளையே எடுத்துட்டாங்க, 'பத்து' மட்டும் அசையலை. எனக்குத் தோணுறது இதான்: கணக்கு தப்பினாலும் சனங்க வாயில வளர்ந்த பேர் நிக்கும். மேலேருந்து சூட்டின பேர், எவ்வளவு பெருமையா இருந்தாலும், ஒட்டாது.