முத்துப்பிள்ளையும் நஞ்சுக்கொடிப் புற்றும்

நஞ்சுக்கொடியாக வளர வேண்டிய திசு கட்டுமீறிப் பெருகுவதால் வரும் நோய்களை மருத்துவம் ஒரே குடும்பமாகக் கொள்கிறது. திராட்சைக் குலைபோல நீர்க்கொப்புளங்கள் கருப்பையை நிறைக்கும் முத்துப்பிள்ளைக் கர்ப்பம் இவற்றில் சாதுவானது. தசைக்குள் துளைத்துச் செல்லும் ஊடுருவும் முத்துப்பிள்ளை, இரத்தம் வழியே நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவும் கோரியோகார்சினோமா, அரிதாக நஞ்சுக்கொடி ஒட்டிய இடத்திலேயே எழும் கட்டி ஆகியவை பொல்லாதவை. திசுவை நுண்ணோக்கியில் பார்த்துப் பெயர் சூட்டிய பிறகே மருந்து என்பது புற்றுநோய் மருத்துவத்தின் பொதுவிதி. இக்குடும்பம் அவ்விதிக்கு விலக்கு. நோய் இருப்பதையும் அது தீர்ந்ததையும் சொல்வது எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவுதான்.

இந்த முடிவுக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1889இல் மாக்ஸ் சேங்கர் இப்புற்றைத் தாயின் கருப்பைப் படலத்தில் தோன்றுவது என்று வகைப்படுத்தினார். 1895இல் ஃபெலிக்ஸ் மார்ஷண்ட் அதை மறுத்து, கருவைச் சூழ்ந்த ட்ரோபோபிளாஸ்ட் செல்களே மூலம் என்று நிறுவினார். பார்த்தால் பெயர்ச் சண்டைதான். ஆனால் தாயின் உடலில் வளரும் இக்கட்டி தாயுடையதன்று என்பது அதில்தான் தெளிவாயிற்று. முழு முத்துப்பிள்ளையின் குரோமோசோம்கள் தந்தை வழியே மட்டும் வருவன என்று 1977இல் காஜி, ஓஹாமா இருவரும் காட்டியது மார்ஷண்டின் கூற்றுக்கு வலுச் சேர்த்தது. இதற்கிடையே 1920களின் இறுதியில் பெர்லினில் ஆஷ்ஹைமும் சோண்டெக்கும் கர்ப்பிணியின் சிறுநீரைச் சுண்டெலிக்கு ஊசியாகப் போட்டு ஹார்மோனைக் கண்டறியும் வழி கண்டனர். புற்றுக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. மருந்து பின்னர் வந்தது: சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்ரகடா சுப்பாராவின் குழு அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் உருவாக்கிய மெத்தோட்ரெக்சேட். 1956இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் மின் சியூ லீயும் ராய் ஹெர்ட்ஸும் அதைக் கொண்டு பரவிய கோரியோகார்சினோமாவைக் கரைத்தனர். கட்டி மறைந்த பிறகும் ஹார்மோன் மறையும்வரை மருந்தை நிறுத்தாதவர் லீ. வீணாக நஞ்சூட்டுகிறார் என்று கருதிய மேலிடம் அவரை வெளியேற்றியது. முன்னதாகவே மருந்து நிறுத்தப்பட்டவர்களுக்கு நோய் திரும்பியபோது நியாயம் லீயின் பக்கம் நின்றது. 1972இல் லாஸ்கர் விருது பெற்றவர்களுள் இருவரும் இருந்தனர்.

முத்துப்பிள்ளை ஸ்கேனில் தெரிந்ததும் உறிஞ்சுமுறையில் கருப்பை காலி செய்யப்படுகிறது. பிறகு வாரந்தோறும் எச்.சி.ஜி. அளக்கப்படும். மூன்று வாரங்களில் எடுத்த நான்கு அளவுகள் இறங்காமல் நின்றாலோ, இரண்டு வாரங்களில் எடுத்த மூன்று அளவுகள் ஏறினாலோ புற்று என்றே கொள்ளப்படும். திசு காணாமல் கீமோதெரபி தருவது துணிச்சல் அல்லவா என்று கேட்கலாம். இக்கட்டிகள் இரத்தக் குழாய்கள் அடர்ந்தவை. பெண்ணுறுப்பில் பரவிய முடிச்சைக் கிள்ளியெடுத்தால் நிற்காத உதிரப்போக்கு நேரும். துணிச்சல் கத்தியை எடுப்பதில்தான் இருக்கிறது. ஹார்மோனே பொய் சொன்னால் என்ன செய்வது என்பது வலுவான கேள்வி. இரத்தத்தில் உள்ள சில எதிர்ப்பொருள்கள் சோதனையை ஏமாற்ற, நோயே இல்லாத பெண்கள் கீமோதெரபியும் அறுவையும் பட்டதுண்டு. ஆனால் அந்த எதிர்ப்பொருள்கள் சிறுநீருக்குள் இறங்குவதில்லை. இரத்தத்தில் அளவு போதிய உயரத்தில் இருந்தும் சிறுநீரில் ஹார்மோன் இல்லையென்றால் அது மாயத்தோற்றம். பிழையைத் திருத்துவதும் ஹார்மோன் சோதனையே. நஞ்சுக்கொடி ஒட்டிய இடத்துக் கட்டியில்தான் இவ்வாதம் தளர்கிறது. அது ஹார்மோனைக் குறைவாகவே சுரக்கும், மருந்துக்கும் எளிதில் பணியாது. அங்கே நுண்ணோக்கியும் கருப்பை நீக்கமும் முதலிடம் பெறுகின்றன.

சிகிச்சை, நோயின் அபாயத்தைக் கணிக்கும் மதிப்பெண் வழியே முடிவாகிறது. ஆறும் அதற்குக் கீழும் என்றால் மெத்தோட்ரெக்சேட் அல்லது ஆக்டினோமைசின்-டி தனியாக, ஏழும் அதற்கு மேலும் என்றால் ஐந்து மருந்துக் கூட்டு. குறைந்த அபாயக்காரர்கள் ஏறத்தாழ எல்லோரும் பிழைக்கின்றனர். மருந்துக்கு அடங்காதவர்களுக்கு அண்மையில் பெம்புரோலிசுமாப் போன்ற எதிர்ப்புச்சக்தி மருந்துகள் வந்துள்ளன. ஹார்மோன் அளவு இயல்புக்கு வந்த பிறகும் சில சுற்று மருந்து தொடர்கிறது. அடுத்த கர்ப்பத்துக்கு ஓராண்டு பொறுக்கச் சொல்வதும் அளவுகோலுக்காகவே: புதுக் கருவும் அதே ஹார்மோனைச் சுரப்பதால், திரும்பிவரும் நோய் அதன் மறைவில் ஒளிந்துகொள்ளும்.