பல் டாக்டரின் முன்மேசை: ஒரு குட்டி வரலாறு

தென்காசியில் பல்வலி என்று ஒரு கிளினிக்குக்குள் போனால் முதலில் பேச வேண்டியது முன்மேசையில் இருப்பவரிடம். பேர் என்ன, வயசு என்ன, சர்க்கரை இருக்கா, பிரஷர் மாத்திரை சாப்பிடுறீங்களா... எல்லாம் எழுதிய பிறகுதான் டாக்டர். பெரிய ஊர்களில் இந்த வேலைக்கு ஆபீஸ் மேனேஜர் என்று பெயர். நம்ம பக்கம் "முன்னாடி இருக்கிற அக்கா", அவ்வளவுதான்.

1885ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் மருத்துவர் ஒரு பெண்ணை உதவிக்கு வைத்தார். அந்தக் காலத்தில் பெண்கள் துணையில்லாமல் பல் டாக்டரிடம் போவது வழக்கமில்லை. உள்ளே ஒரு பெண் இருக்கிறார் என்றதும் தனியாகவே வர ஆரம்பித்தார்கள். (பல் எக்ஸ்ரேயின் முன்னோடியும் இதே கெல்ஸ்தான். கதிர்வீச்சில் விரல்கள் போய், பிறகு கையும் போனது. பாவம்.)

நம் நாட்டில் 1920ல் கல்கத்தாவில் டாக்டர் ரபியுதீன் அகமது முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். சென்னையில் சீனக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பல் வைத்தியம் பார்த்தன. அப்படிப்பட்ட குடும்பத் தொழிலில் கணக்குக்குத் தனி ஆள் எதற்கு?

1948ல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. பல் மருத்துவருக்கு ஒரு பதிவேடு, பல் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்டுக்கு ஒன்று, பல்செட் செய்யும் மெக்கானிக்குக்கு ஒன்று. பட்டம் இல்லாமலே ஐந்து வருஷம் தொழில் பார்த்தவர்களுக்குக்கூட 'பி' பிரிவில் இடம் கிடைத்தது. முன்மேசைக்காரருக்கு மட்டும் எந்தப் பதிவேடும் இல்லை.

சட்டம் மறந்த ஆளைத் தூக்கி நிறுத்தியது காகிதம். காசு வாங்கிச் செய்யும் வைத்தியமும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று 1995ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கு என்று வந்தால் பார்ப்பது என்ன? கேஸ் ஷீட், கையெழுத்து வாங்கிய சம்மதப் படிவம், பில். மூன்றும் முன்மேசைச் சரக்கு! 2016 விதிகளுக்குப் பிறகு மருத்துவக் கழிவுக்குச் சின்ன கிளினிக்கும் அனுமதி வாங்க வேண்டும். எக்ஸ்ரே மிஷினுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவு வேறு. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆகும்வரை கலெக்டர் ஆபீஸ் என்றாலே திருநெல்வேலிக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் குற்றாலம் சீசன் தனிக் கணக்கு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அருவிக்கு வருகிறவர்களில் சிலருக்காவது ராத்திரி பல்வலி வரத்தானே செய்யும்? வேர் சிகிச்சைக்கு இரண்டு மூன்று தடவை வர வேண்டியிருக்கும். ஆளோ நாளைக் காலை ஊருக்குக் கிளம்புகிறார். டாக்டர் வலியை அடக்கித் தற்காலிகமாக அடைத்து விடுவார். எக்ஸ்ரேயையும் என்ன செய்தோம் என்ற குறிப்பையும் கையில் கொடுத்து, ஊரில் போய் யாரிடமாவது கட்டாயம் காட்டுங்கள், வலி நின்றுவிட்டது என்று விட்டுவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்புவது அந்த அக்காதான்.